நாற்பதாவது சீட்டு

நெடுங்கரட்டில் அந்த வருஷம் ஆனி முழுக்கக் காற்று மட்டும் அடித்து ஓய்ந்து, ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில், அடைக்கலம் அண்ணாச்சி தன் கடைக்கு வந்திறங்கிய கோட்டைச் சீட்டுப் பெட்டியை உடைத்துப் பார்த்தபோது, பாக்கெட்டுகளுக்குள் எப்போதும் இருக்கும் தீக்குருவியும் கடற்பூதமும் இரும்பு யானையும் இல்லை, ஊர்க்காரர்களின் முகங்கள் இருந்தன. பால்காரர் கோமதிநாயகம் சைக்கிளோடு இருந்தார். கண்டக்டர் இருதயராஜ் விசிலைக் கடித்தபடி இருந்தார். சத்துணவுக்கூடத்துப் பேச்சியம்மாள் கரண்டியோடு இருந்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயரும், அதற்குக் கீழே பலம் இத்தனை என்று ஓர் எண்ணும், அதற்கும் கீழே அந்தச் சீட்டு களத்தில் என்ன செய்யும் என்று ஒரு வரியும் அச்சாகியிருந்தன. அண்ணாச்சி எல்லாவற்றையும் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு, "நம்மூரு ஆட்கள் போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்காங்க," என்று சொல்லி, பாக்கெட்டுகளை வழக்கமான இடத்தில் தொங்கவிட்டார்.

கோட்டை ஆட்டம் அந்த ஊரில் பெரியவர்களின் ஆட்டம். அச்சாபீசுகளில் வேலை குறையும் மாதங்களில் தொடங்கிய பழக்கம், பிறகு வேலை கூடிய மாதங்களிலும் விடாமல் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், ஆளுக்கு நாற்பது சீட்டில் ஒரு கட்டு, ஆளுக்கு ஐந்து சுவர். கையில் ஏழு சீட்டோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை எடுத்து ஒன்றை இறக்கி, எதிராளியின் ஐந்து சுவரையும் யார் முதலில் உடைக்கிறாரோ அவருக்கு வெற்றி. ஆட்டம் மேசைமேல் நடப்பதாகத் தெரிந்தாலும் அது பாதிக்குமேல் வீட்டிலேயே முடிந்துவிடும் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எந்த நாற்பதைச் சேர்ப்பது, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது, முதல் ஏழில் சின்னச் சீட்டு எத்தனை வந்தால் பிழைக்கலாம், எந்தச் சீட்டு கடைசிவரை இறக்க வழியில்லாமல் கையிலேயே தங்கிப்போகும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டைக் கட்டுகிறவர்தான் ஜெயிப்பார். அந்தக் கலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெயராணியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

ஜெயராணிக்கு முப்பத்தாறு வயது. காலண்டர் கம்பெனியில் தினசரித் தாள்களுக்குத் தகரப் பட்டை அடிக்கும் வேலையில் இருந்த கணவரும், பத்தாம் வகுப்பு படிக்கும் சுபாஷினி என்ற மகளும் அவள் குடும்பம். அவள் ஒரு கட்டைக் கட்டி முடித்ததும், எதிரூர்க்காரர்கள் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று கேட்டு, கழிவுக் காலண்டர் தாளை வெட்டி அதே சீட்டுகளைக் கையால் எழுதி ஒரு போலிக் கட்டு செய்துகொண்டு, கணவர் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். பத்து ஆட்டம், இருபது ஆட்டம் என்று ஆடித் தோற்பார். தோற்பதில் அவருக்குச் சலிப்பே வராது. எந்தச் சீட்டு கையில் தங்கியது என்பதை ஜெயராணி ஒரு நீளமான நோட்டில், ஒரு தடவைக்கு ஒரு கோடாக, குறித்து வைப்பாள்.

முந்நூற்றுச் சொச்சம் பேருக்குச் சீட்டு வந்திருந்தது, ஒருவருக்கு ஒன்றுதான், இரண்டாவது பிரதி கிடையாது. ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சீட்டையும் கேட்டார்கள். பலம் ஆறு என்று வந்த இருதயராஜின் பஸ்ஸில் யாரும் அவரிடம் சில்லறைக்குச் சண்டை பிடிக்கவில்லை. பலம் இரண்டு என்று வந்த பாட்டு வாத்தியார் ஒரு மாதம் லீவு போட்டார். ஜெயராணியின் கணவருக்கும் சீட்டு வந்தது. பலம் ஒன்று. கீழே எழுதியிருந்த வரி: 'இவர் இறங்கினால் ஒன்றும் நடக்காது.'

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அச்சுப் பிழையே இல்ல ஜெயா. சரியாத்தான் போட்டிருக்கான்."

பக்கத்து ஊர்களான சாத்தக்கோட்டையிலும் புளியம்பாறையிலும் அப்படியே அவரவர் ஊர் முகங்கள் வந்திருந்தன. மூன்று ஊருக்கும் ஒரே குடிநீர்க் குழாய்தான். வால்வை எந்த ஊர்ப் பக்கம் முதலில் திறப்பது என்பதில் வருஷா வருஷம் மண்டை உடைவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்த குடிநீர் இன்ஜினியர், இனி ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடக்கும் ஆட்டத்தில் ஜெயிக்கிற ஊருக்கே அந்த வாரத் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருக்கிற முறைகளில் அதுவே நியாயமானதாகப் பட்டது. ஊர்க்கூட்டம் போட்டு, எல்லாச் சீட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, ஜெயராணியின் கையில் கொடுத்தார்கள்.

அவள் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் ஏறி அடிக்கக் கோமதிநாயகம் மாதிரி சின்னச் சீட்டுகள் பதினாறு, நடுவில் தாங்கிப் பிடிக்கப் பதினான்கு, கடைசியில் சுவரை இடிக்க ஒன்பது என்று முப்பத்தொன்பதை அடுக்கினாள். இன்னும் ஓர் இடம் இருந்தது. டின்னில் நல்ல சீட்டுகள் எத்தனையோ கிடந்தன. ஆனாலும் எதிரே உட்கார்ந்து காலண்டர் தாளை வெட்டிக்கொண்டிருந்த மனுஷரைப் பார்த்தாள், வரிசையில் ஊரே நிற்கும்போது அவர் மட்டும் டின்னில் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்பதாவதாக அவரை வைத்தாள். அவர் அன்றைக்குச் சாயங்காலம் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

முதல் இரண்டு ஞாயிறும் நெடுங்கரடு ஜெயித்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால், நோட்டைப் பார்த்து, சமையல் கேஸ் கொண்டுவருகிறவர் ஐந்து ஆட்டத்தில் நான்கில் கையில் தங்கிப்போனதைக் கண்டு, அவர் சீட்டை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள் ஜெயராணி. மறுநாள் காலையில் அவர் சிலிண்டரை இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போடப்போனபோது புத்தகத்தில் அவர் பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், காற்று வந்தது. சிலிண்டர் வாங்கிய வீட்டுக்காரிக்கும் ஞாபகம் வரவில்லை. சீட்டில் முகம் இருந்தது, பலம் இருந்தது, பெயர் இருந்த இடத்தில் தாள் மட்டும் இருந்தது. கட்டில் ஒருமுறை சேர்த்து எடுக்கப்பட்டவருக்குப் பெயர் போய்விடும் என்று ஊர் புரிந்துகொண்டது. சேர்க்கப்படாமலே டின்னில் கிடந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இதுல என்ன நட்டம்? எப்பவும் கேஸ்காரரேன்னுதானே கூப்பிடுறோம்," என்றார்கள், அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்று அடுத்த தெருவுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதன் பிறகு முதலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வந்தவர்களே, சேர்க்க வேண்டாம் என்று கேட்டு வந்தார்கள். ஆனால் சாத்தக்கோட்டைக்காரர்கள் வாராவாரம் கட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள், திருத்தாமல் இருந்தால் தோற்க வேண்டியதுதான். ஜெயராணி இஸ்திரி போடுகிறவரை எடுத்தாள். தையல்காரியை எடுத்தாள். பஞ்சாயத்து கிளார்க்கை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு சீட்டுக்கு எதிரே அதிகக் கோடுகள் இருந்தன, அது நாற்பதாவது சீட்டு. ஒவ்வொரு முறையும் அவள் அதைத் தாண்டி அடுத்த கோட்டுக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்கு இடம் விட்டு அச்சடிக்க ஆரம்பித்தார்கள். கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் மட்டும் போதும் என்று குருக்கள் சொல்லிவிட்டார். தாலுகா ஆபீசில் தனியாக ஒரு பதிவேடு போட்டார்கள், அதில் ஆறு பேருக்குப் புகைப்படம் மட்டும் ஒட்டியிருந்தது.

புரட்டாசியின் இரண்டாவது ஞாயிறு, சாத்தக்கோட்டையோடு ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரே ஒரு சுவர் மிச்சம், ஜெயராணி எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் ஜெயித்திருப்பாள். எடுத்தது அவள் கணவரை, கையில் இருந்த மற்றவற்றுக்கு அப்போது இறக்க வழியில்லை. இறக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சுற்றில் அவள் பக்கச் சுவர் போனது.

தோற்ற ஊர் அடுத்த ஞாயிறு ஒதுங்கி மற்ற இரண்டு ஊருக்கும் இடம் விட வேண்டும், அதனால் பதினோரு நாள் ஆகியும் தண்ணீர் வரவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குடத்தோடு போகிற பெண்கள் ஜெராக்ஸ் கடை வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்து, நகலெடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

"ஜெயா, ஒன்னக் குத்தம் சொல்ல வரல. என் வீட்டு ஆளா இருந்தா நானும் இப்படித்தான் வச்சிருப்பேன். ஆனா தையக்காரி நேத்து எங்கிட்ட வந்து, 'மதினி, எம்பேரு என்னன்னு ஒங்களுக்காவது தெரியுமா'ன்னு கேக்கா. அவ சீட்டு மூணு பலம்ல ஜெயா."

ஜெயராணி மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கணவர் எதிரே உட்கார்ந்து, சீட்டைப் பிரிக்காமல், அவளுடைய நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எதிர இருக்கிற கோட்ட எண்ணினேன். முப்பத்தெட்டு."

"அது பழைய கணக்குங்க."

"ஜெயா, நான்தானே எதிர்ல உக்காந்து ஆடுறேன். ஒங்கையில நான் தங்கும்போது ஒம்மொகம் எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? என்ன எடுத்துரு."

"பேரு போயிரும்ங்க."

"போகட்டும். பதினெட்டு வருஷத்துல நீ என்னைக்கு எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்க? ஒனக்கு ஒண்ணும் கொறையாது."

அது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்பதைத் தவிர வேறெதுவும் அவள் சொன்னதில்லை. மகளிடம் 'ஒங்கப்பா', அக்கம்பக்கத்தில் 'எங்க வீட்டுக்காரர்'. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் சீட்டை எடுத்தாள். அந்த இடத்தில் அரிசி மில் லாரி டிரைவர் லூர்துசாமியை வைத்தாள், பலம் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார்கள், தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, அவள் வீட்டு வாசலுக்கு யாரோ ஒரு குடம் நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இந்தக் கதையைச் சொல்லுகிறவர்களும் அதனால்தான் அவரை ஜெயராணியின் கணவர் என்றே சொல்லிவருகிறார்கள். தெரிந்தால் சொல்லியிருப்பார்கள்.

உதட்டால் சொல்லாவிட்டாலும் ஒரு பெயரை மனம் எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது ஜெயராணிக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. பஸ் தாமதமானால் மனம் அந்தப் பெயரைச் சொல்லும். மீன் வாங்கும்போது தலைத்துண்டு யாருக்கு என்று சொல்லும். இப்போது அந்த இடத்துக்கு வந்ததும் மனம் நின்றது. பீரோவில் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள், 'ஜெயராணி' என்பதற்குப் பக்கத்தில் மஞ்சள் தாள் வெறுமனே இருந்தது. ஐந்து எழுத்தா ஆறு எழுத்தா என்றுகூட அவளுக்கு வரவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும், சுபாஷினியின் இனிஷியல் பதிவேட்டில் இல்லை. இரண்டு பேருமாகப் போனார்கள். தலைமையாசிரியை நல்ல மாதிரி. "கவலப்படாதீங்க, இந்த வருஷம் நாலு பிள்ளைங்க இப்படி இருக்கு. அம்மா இனிஷியலே போட்டுக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. ஜெ. சுபாஷினி. நல்லாத்தானே இருக்கு?" என்று படிவத்தை நீட்டினார். "அப்பா இங்க ஒரு கையெழுத்து."

அவர் பேனாவை வாங்கி, கோட்டின்மேல் முனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. சுபாஷினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் புள்ளியே போதும் என்றார் தலைமையாசிரியை. அன்றிலிருந்து அவர் போலிக் கட்டை எடுத்துக்கொண்டு ஜெயராணியின் எதிரே உட்காரவில்லை.

காலண்டர் கம்பெனியில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் சூப்பர்வைசர் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் மெஷினுக்கு ஆள் விடுவார். கூப்பிட முடியாதவர் சுவரோரம் நின்றார், மத்தியானம் வரை நின்றார், பிறகு போகாமல் விட்டார். பஸ் ஸ்டாண்டில் கேஸ்காரரும் தையல்காரியும் மற்றவர்களும் உட்காருகிற சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெயரில்லாதவர்களுக்குள் பேச்சு குறைவாகவே இருந்தது, ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டியிருக்கும்போது தோளைத் தொட்டுக்கொண்டார்கள். வெயில் படுகிறதே என்று பஞ்சாயத்தில் அவர்களுக்கு ஒரு தகரக் கூரை போட்டு, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். எதிரே கடையிலிருந்து ஜெயராணி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "வீட்டுக்கு வாங்க," என்பாள். "வாரேன், வாரேன்," என்பார்.

கார்த்திகையில் ஒரு மழை நாளில் சாப்பாட்டோடு போனபோது பெஞ்சு காலியாக இருந்தது. ஏழு பேரும் பதினோரு மணி பஸ்ஸில் ஏறினார்கள் என்று கண்டக்டர் இருதயராஜ் சொன்னார். "எங்கன்னு கேட்டேன். கடைசி ஸ்டாப்புன்னாங்க. ஒங்க வீட்டுக்காரர் கடசியா ஏறுனாரு. டிக்கெட்ட மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு. எறங்குன பெறகு எந்தப் பக்கம் போனாங்கன்னு நான் பாக்கல தாயி."

ஸ்டேஷனில் எழுத்தர் காகிதத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். "காணாமப்போனவர் பேரு?"

ஜெயராணி பெயரிடம் வெறுமையாக இருந்த கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"பேரு இல்லாம எப்படிம்மா எழுதுறது? அடையாளமாவது சொல்லுங்க."

வலது கட்டைவிரலில் தகரம் வெட்டிய தழும்பு, சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வார், தோற்றால் சீட்டைக் கலைத்து 'இன்னொண்ணு' என்பார் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எழுத்தர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'ஒருவர், ஆண், நடுத்தர வயது' என்று எழுதினார். நகல் வேண்டுமென்றால் அவள் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த வாரம் அவள் ஒரு தப்பு செய்தாள், தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். கட்டிலிருந்து லூர்துசாமியை எடுத்துவிட்டுக் கணவரின் சீட்டை மறுபடி உள்ளே வைத்தாள். எடுத்தால் பெயர் போகும் என்றால் வைத்தால் வரும் என்று ஒரு கணக்கு. சனிக்கிழமை காலை அரிசி மில் முதலாளி லாரி டிரைவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஹாரனை அடித்துக் கூப்பிட்டார். கணவரின் பெயர் வரவில்லை. ஒருவேளை களத்தில் இறக்கினால் வரும் என்று அவள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. எதிரே சாத்தக்கோட்டையிலிருந்து வந்த செவத்தம்மாள் என்ற பெண். ஆறாவது சுற்றில் ஜெயராணியின் கைக்குக் கணவர் வந்தார். புகைப்படத்தில் அந்தச் சலூன் முடிவெட்டுக்கு முந்தைய முகம். ஜெயராணி சீட்டை மேசையில் வைத்தாள்.

நடுவராக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் தாவீது முன்னால் குனிந்தார். "இறக்குற சீட்டோட பேர உரக்கச் சொல்லணும்மா. ஐப்பசியிலருந்து அதுதான் விதி."

ஜெயராணி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்து, "என்னங்க," என்றாள், அவளையறியாமல் கொஞ்சம் சத்தமாகவே, அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

"அது பேரு இல்லம்மா," என்றார் தாவீது, மெதுவாக.

செவத்தம்மாள் தன் சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க நேரம் எடுத்துக்கிடட்டும் சார். நான் காத்திருக்கேன். எங்க ஊர்ல பதினாலு பேரு இப்படி," என்றாள்.

ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். அதற்குமேல் விதி இல்லை. ஜெயராணி சீட்டைக் கைக்குத் திருப்பிக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பேச்சியம்மாளைப் பேர் சொல்லி இறக்கினாள். அவள் சீட்டில் இருந்த வரிப்படி, விழுந்திருந்த மூன்று சீட்டுகள் எழுந்தன. இரண்டே சுற்றில் செவத்தம்மாளின் கடைசிச் சுவர் உடைந்தது. மண்டபத்தில் கைதட்டினார்கள். திங்கட்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்தது, எல்லோரையும்போல அவளும் வரிசையில் நின்று பிடித்தாள். கணவரின் சீட்டை எடுத்து நோட்டுக்குள் செருகிவிட்டு, கட்டில் அந்த இடத்துக்கு வேறொன்றை வைத்தாள்.

மாசி மாதம் குடிநீர் இன்ஜினியரின் தாள் மறுபடி ஒட்டப்பட்டது. அணையில் மட்டம் இறங்கிவிட்டது, வாரம் ஒரு நாள் தண்ணீர், ஆட்டமும் சீக்கிரம் முடிய வேண்டும். இனிமேல் கட்டுக்கு முப்பது சீட்டுதான்.

பத்துப் பேர். பஞ்சாயத்தில் தகரக் கூரையை இன்னும் பத்தடி நீட்டிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஜெயராணி நாற்பதையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு, கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விட்டு வந்த சுபாஷினி பையை வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே போலிக் கட்டுகளை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள்.

"நான் எடுக்கட்டுமாம்மா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எடுக்க ஆரம்பித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணையும் வரியையும் மட்டும் பார்த்தாள். கோமதிநாயகம், தாவீது, அவளுடைய கணக்கு டீச்சர், அடைக்கலம் அண்ணாச்சி என்று ஒன்பது சீட்டுகள் ஓர் ஓரத்தில் சேர்ந்தன. பத்தாவதற்குக் கை சற்றுத் தயங்கி, பிறகு ஒரு சீட்டின்மேல் வந்து நின்றது. ஜெயராணியின் சீட்டு. பலம் மூன்று. 'இவர் இறங்கினால் கட்டை ஒருமுறை பிரித்து அடுக்கலாம்.' நாற்பது சீட்டில் அது பல ஆட்டங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

"முப்பதுல பிரிச்சு அடுக்க நேரம் இருக்காதும்மா," என்றாள் சுபாஷினி. குரலில் ஒன்றும் இல்லை. "நாலாவது சுத்துலயே முடிஞ்சிரும். இது கையில தங்கும்."

ஜெயராணி நோட்டை இழுத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று போட்டுப் பார்த்தாள். ஒருமுறை போட்டாள், தலைகீழாக இன்னொருமுறை போட்டாள். பிள்ளையின் கணக்கில் எங்கேயும் பிழை இல்லை.

"சரிதான்," என்று சொல்லி, தன் சீட்டை எடுத்து ஓரத்தில் இருந்த ஒன்பதின்மேல் வைத்தாள். பிறகு, இன்னும் தன்னிடம் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன் பெயரை எழுதினாள். எழுதியதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் துணைக்கால் போனது.